டம்ளர் உருளாத வண்டி

மலைப்பாதையில் வண்டி வளையும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளர் உருளும். வலப்பக்கம் திரும்பினால் இடது கதவில் போய் 'ணங்' என்று முட்டும். இடப்பக்கம் திரும்பினால் அங்கிருந்து கிளம்பி வலது கதவுக்கு வரும். புதிதாக ஏறுகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்: "அண்ணே, பின்னாடி இன்னாவோ உருளுது பாருங்க." உருளட்டும், நீங்கள் உட்காருங்கள் என்பேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு ஒரு டம்ளரை எடுத்து ஓரமாக வைக்கத் தெரியாதவன் என்று நினைப்பார்களாயிருக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். சாதாரண டம்ளர்தான். வாய்க்குக் கீழே புள்ளிப் புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கிறது, கல்யாணச் சீரோடு வந்த சாமான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அதை முதன்முதலில் என் கடை மேசைமேல் வைத்தவர் டாக்டரம்மா. ஜவ்வாது மலைமேல் இருக்கிற அரசு சுகாதார நிலையத்தில் ரொம்பக் காலம் டாக்டராக இருந்தவர், கண்ணமங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எனக்குப் போளூரில் கடை. வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன், அதோடு வண்டியை அழகு பார்க்கிறவர்களுக்கு ஸ்டிக்கர், சீட் கவர், லைட் என்று எல்லாம் செய்து தருவோம். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்த நேரத்தில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு வந்து வாசலை அடைத்தது. பெங்களூரில் எவனோ ஒருத்தன் ஆசை தீர ஓட்டிவிட்டுக் கைமாற்றிய வெளிநாட்டு எஸ்.யூ.வி. மேட் கறுப்பில் ஸ்டிக்கர் சுற்றி, கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு பிலிம் ஒட்டி, தட்டு மாதிரி பெரிய அலாய் வீலும் அதன்மேல் வெற்றிலை கனத்துக்கு டயரும் போட்டு, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். சைலன்சர் சத்தத்தில் என் ரசம் ஆடியது. எவனோ மந்திரி வீட்டுப் பையன் இறங்கப்போகிறான் என்று பார்த்தால், காட்டன் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு அம்மா இறங்குகிறார், தலையில் பாதி நரை.

"யாரும்மா ஓட்டிட்டு வந்தது?" என்றேன்.

"நாந்தான். ஏன், ஸ்டியரிங்ல வேற யாராச்சும் தெரியறாங்களா?" என்றார். கைப்பையிலிருந்து டம்ளரை எடுத்து மேசைமேல் படுக்க வைத்தார். "இத பின்னாடி தரையில இப்டி போட்டுட்டு மலை எறங்கணும். எந்த வளைவுலயும் இது உருளக் கூடாது. அவ்ளோதான் வேல. முடியுமா, முடியாதா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "டம்ளர் உருளக் கூடாதுன்னா அடுப்பங்கரையில வையுங்க மேடம், அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய வண்டி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சாப்பிட்டு முடி, பேசலாம் என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சாப்பிடுவது? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவே இல்லை.

வேலையைத் தொடங்கினோம். பெங்களூர்க்காரன் பார்வைக்காகச் செய்து வைத்ததை எல்லாம் முதலில் கழற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெரிய வீலைக் கழற்றிவிட்டுச் சின்ன வீல் போட்டு, பக்கம் உயரமான டயர் மாட்டினோம். உறுமுகிற சைலன்சரை எடுத்தோம். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்து நிறுத்துகிற ஸ்டெபிலைசர் ராடை முன்னும் பின்னும் கனமாக மாற்றினோம். ஷாக் அப்சார்பரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை. பின்பக்கத் தரையில் நடுவே இருந்த மேட்டுக்கு இரண்டு பக்கமும் பலகை கொடுத்துச் சமமாக்கச் சொன்னார், படுத்திருப்பவர் பக்கத்தில் இன்னொருவர் தரையில் உட்கார இடம் வேண்டுமாம். பின் சீட்டின் ஓரங்களில் கனமாகப் பஞ்சு வைத்துத் தைத்தோம். ஒவ்வொன்றுக்கும் வந்து நின்று கேள்வி கேட்பார். பதில் தெரியாமல் மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவார், நோயாளி பொய் சொல்வதைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

அதன்பின் சோதனை ஓட்டம். நான் ஓட்ட வேண்டும், அவர் பின் சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்வார். டம்ளர் கீழே பலகையில் கிடக்கும். மலைமேலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் படுத்தபடியே தீர்ப்பு சொல்லிக்கொண்டு வருவார். "தல இடிச்சுது." "இது தேவல." "இப்ப வயித்த பொரட்டிச்சு, ஏன் லேட்டா பிரேக் புடிச்ச?" டம்ளர் உருண்டால் மட்டும் எதுவும் சொல்ல மாட்டார், "ம்" என்பார். அந்த 'ம்' என் காதில் ஊசி மாதிரி இறங்கும். அடிவாரத்து டீக்கடையில் இறங்கி டீ குடித்தால் அங்கே இருப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் மானம் போகும்.

முதல் தடவை எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். வண்டி சாயவில்லை, உண்மைதான். ஆனால் சாலையில் கிடக்கிற புளியங்கொட்டையெல்லாம் முதுகில் குத்தியது. "சாயலப்பா, ஒத்துக்கறேன். ஆனா எலும்ப எலும்பா எண்ணிப் பாக்குது" என்றார். தளர்த்தினால் சாய்ந்தது, இறுக்கினால் குதித்தது. டம்ளர் இரண்டிலும் உருண்டது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வளைவு என்றால் உருளத்தான் செய்யும், ராடும் ஷாக்கும் வண்டியைத்தான் பிடிக்கும், உள்ளே கிடப்பதைப் பிடிக்காது, உருளக் கூடாதென்றால் மெதுவாகப் போங்கள் என்று கத்திவிட்டேன்.

"மெதுவா போனா உருளாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் குரல் ஏறவில்லை. "மெதுவா போறதுக்கு நேரம் இல்லாதவங்களத்தானப்பா நான் ஏத்திட்டுப் போறேன்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனேன். வழி கிடைத்தது என்றால் இருவரும் சண்டை போட்டுப் போட்டே கிடைத்தது. நேர்ச்சாலையில் அந்த இன்ஜினுக்கு இருக்கிற பலத்தையெல்லாம் எடுத்துக்கொள்வது, வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கை மெல்லப் பிடித்து முடித்துவிடுவது, வளைவுக்குள் காலை எதிலும் வைக்காமல் வண்டியை அதன்போக்கில் விடுவது. அதற்குத் தகுந்தபடி பிரேக்கையும் மாற்றினோம். அப்படி இறங்கியபோது டம்ளர் உருளாமல், இருந்த இடத்திலேயே கொஞ்சம் அசைந்து 'டிக்' என்றது. அது எனக்குப் போதுமாக இருந்தது. அவருக்குப் போதவில்லை.

கறுப்பு நிறத்தை அதுவரைக்கும் தொடவில்லை. பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன, எனக்கு அது வேண்டாத வேலை என்று அவரேதான் சொல்லியிருந்தார். அந்தக் கோலத்திலேயே உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊருக்கு நிறைமாதக்காரி ஒருத்தியைப் பார்க்கப் போனோம். நான்தான் ஓட்டினேன். வண்டி ஊர் எல்லையில் தலை காட்டியதும் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்த ஆண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்தார்கள். கதவெல்லாம் சாத்திக்கொண்டது. நாங்கள் இறங்கியபோது ஊரில் கோழிகள் மட்டும்தான் நின்றிருந்தன. மலையிலிருந்து திருட்டுச் செம்மரக் கட்டை வெட்டும் கூலிக்கென்று வெளியூருக்குக் கூட்டிப்போகப்பட்டவர்கள் உண்டு. அவர்களைத் தேடி எப்போது எந்தப் போலீஸ் வண்டி வருமோ என்ற பயம் அந்த ஊர்களில் எல்லோருக்கும் இருக்கிறது. கறுப்பு வண்டி, கறுப்புக் கண்ணாடி, சத்தமில்லாத சைலன்சர். அந்தச் சத்தத்தை எடுத்ததே நாங்கள்தான். எங்களைத் தப்பாக நினைக்க எல்லாமே சரியாகப் பொருந்தியிருந்தது. நாங்கள் பார்க்கப் போனவளின் புருஷனும் காட்டுக்குள் ஓடியவர்களில் ஒருவன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கதவு இடுக்கில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. "அய்ய, டாக்டரம்மாவா! இன்னாம்மா இது, எமன் வண்டியில வந்து எங்க உசுர வாங்கற?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண்கள் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். டாக்டரம்மா அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து, சரி, எந்தக் கலராக இருந்தால் ஓட மாட்டீர்கள் என்று கேட்டார். அவர்களுக்குள் பெரிய விவாதம். பச்சை வேண்டாம், காட்டிலாகா. வெள்ளை வேண்டாம், கட்சிக்காரன். காக்கி வாயாலும் சொல்லாதே. கடைசியில் ஒருத்தி, "மஞ்சளா பூசும்மா. மஞ்சளப் பாத்து யாரும் ஓட மாட்டாங்க" என்றாள். அப்படித்தான் அந்த வண்டி பூசு மஞ்சள் நிறத்துக்கு வந்தது. பிலிமைக் கிழித்துக் கண்ணாடியைத் தெளிவாக்கினோம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று. போளூரில் என்னைப் பிடித்து ஓட்டினார்கள் பாருங்கள். "இன்னாப்பா, எந்த ஸ்கூல் வேன் இது?" என்று கேட்காதவன் இல்லை. ஆனால் மலையில் அந்த மஞ்சள் தெரிந்ததும் பிள்ளைகள் சாலைக்கு ஓடி வந்தன.

டம்ளர் யாருடையது என்பதை ஒரு சோதனை ஓட்டத்தின்போதுதான் சொன்னார். இறக்கத்தில் ஒரு வளைவில் அம்மன் கல் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் எந்த டிரைவரும் ஹாரன் அடிக்காமல் போக மாட்டான். நானும் கையை வைத்தேன். பின்னாலிருந்து, "அடிக்காத. அந்தச் சத்தத்துல வேற எதுவும் காதுல வுழாது" என்றார். படுத்தபடியே, கூரையைப் பார்த்தபடியே சொன்னார். பிரசவமாகி ரத்தம் நிற்காத ஒரு சின்னப் பெண்ணைத் தன்னுடைய பழைய சின்னக் காரில் போட்டு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாமியார்க்காரி தண்ணீர் கொடுக்க இந்த டம்ளரை எடுத்து வந்திருக்கிறாள். அது கை நழுவிக் கீழே விழுந்து ஒவ்வொரு வளைவிலும் அங்கும் இங்கும் உருண்டிருக்கிறது. அந்தப் பெண் ஒவ்வொரு வளைவிலும் முனகியிருக்கிறாள்.

"மொனகல் எந்த வளைவுல நின்னுச்சுன்னு எனக்கு இன்னிக்கி வரிக்கும் தெரியாதுப்பா. டம்ளர் சத்தத்துல கேக்கல. கீழ எறங்கிப் பாத்தாதான் தெரிஞ்சுது." டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த மாமியார் வாங்கவில்லை. அவகூடவே வூட்ட வுட்டுப் போன சாமான், திரும்ப வாசப்படி ஏறக் கூடாதுங்க என்று சொல்லிவிட்டாளாம். குவார்ட்டர்ஸில் அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்ததாகவும், தூங்கிக்கொண்டிருக்கும்போது அது உருளுகிற சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் வைத்த இடத்திலேயே இருக்குமென்றும் சொன்னார். டாக்டருக்குப் படித்தவர், இதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இல்லை.

அந்த வண்டி அதன்பின் எத்தனையோ பேரை மலையிலிருந்து இறக்கியது. பெரும்பாலும் பெண்கள். பிழைத்தார்கள். ஒவ்வொரு தடவை கீழே வந்துவிட்டுத் திரும்பும்போதும் என் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே, "இன்னும் லேசா உருளுதுப்பா" என்பார். ஆள் பிழைத்ததைச் சொல்ல மாட்டார். நானும் எதையாவது முடுக்கித் தருவேன்.

கடைசியாகப் பின்பக்கத்தில் அதிர்வை வாங்கிக்கொள்கிற ரப்பர் புஷ்களை எல்லாம் புதிதாக மாற்றினேன். இந்தத் தடவை அசையக்கூட அசையாது என்று எனக்கே ஒரு நம்பிக்கை. நானே மேலே ஓட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். சுகாதார நிலையத்து வாசல் பெஞ்சில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, இடது தாடையைக் கையால் தாங்கியிருந்தார். ஏதோ மாத்திரையை வாயில் போட்டிருந்தார். "நல்ல நேரத்துக்கு வந்த. எனக்கு ஹார்ட் அட்டாக்" என்றார், எதிர்வீட்டுக்காரருக்கு என்பது போல. ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. உள்ளே ஒரு பிரசவம் நடந்துகொண்டிருந்தது. கூட வருகிறேன் என்று ஓடி வந்த நர்ஸை, "தல வெளிய தெரியுது, வுட்டுட்டு வருவியா? போ உள்ள" என்று விரட்டினார். தானே நடந்து வந்து பின் சீட்டில், சோதனை ஓட்டத்தில் படுப்பது போலவே, முழங்காலை மடக்கிப் படுத்தார்.

"நான் பேச மாட்டேன். பேசுனா மூச்சு வாங்குது. பேசலன்னு பயந்துக்கினு வண்டிய நிறுத்தாத, திரும்பிப் பாக்காத. நீ ரோட்ட பாரு."

கிளம்பினேன். முதல் வளைவு. என்னையறியாமல் காது பின்னால் போயிற்று. சத்தமில்லை. அடுத்த வளைவு, அதிலும் இல்லை. 'டிக்' என்கிற அந்தச் சின்ன அசைவுகூட இல்லை. புது புஷ் வேலை செய்கிறது! அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "டாக்டரம்மா, உருளல பாத்தீங்களா!" என்று கத்தினேன். பதில் இல்லை. பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாரே. அம்மன் கல் வளைவு வந்தது, ஹாரன் அடிக்கவில்லை. கண்ணாடியில் சீட்டின் மேல்விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. ஒரு தரம் "தல இடிச்சுது" என்று சொல்லிவிட மாட்டாரா, "ஏன் லேட்டா பிரேக் புடிச்ச" என்று திட்டிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். வேண்டுமென்றே ஒரு வளைவில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன். டம்ளரும் உருளவில்லை, அவரும் பேசவில்லை. நிறுத்திப் பார்க்கலாமா என்றால் நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறார். அத்தனை அமைதியான வண்டியை நான் அதற்கு முன்பு ஓட்டியதில்லை. அதைச் செய்ததும் நான்தான்.

போளூர் ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். வழியில் என்றால் எங்கே, எந்த வளைவில் என்று கேட்டேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது புடவை முந்தானை கனமாக இடித்தது. முந்தானையில் எதையோ சுருட்டி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு, இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவே செருகியிருந்தார். ஒரு நர்ஸ் அவிழ்த்தாள். டம்ளர். கிளம்புவதற்கு முன்பே தரையிலிருந்து எடுத்திருக்கிறார். கையில் பிடித்துக்கொண்டிருந்தால் போதாதா? கை எப்போது விட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். கை விட்டாலும் அது கீழே விழக் கூடாது, உருளக் கூடாது, தான் கேட்ட சத்தத்தை நான் கேட்கக் கூடாது. அதற்காக அந்த வலியில் முடிச்சுப் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் போளூரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியை அவருடைய தம்பி என்னிடமே விட்டுவிட்டார். அந்த மஞ்சளை வாசலில் வைத்துப் பார்க்க எங்களால் ஆகாது என்றார். டம்ளரை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மனைவி வாசலிலேயே வழிமறித்து, "அத உள்ள கொண்டாராத" என்றாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனவே அது வண்டியிலேயே இருக்கிறது. மேலிருந்து போன் வந்தால் கடையைச் சாத்திவிட்டுப் போய் ஆட்களை இறக்கிக்கொண்டு வருகிறேன். இறுக்கியிருந்த ஷாக்கையெல்லாம் தளர்த்திவிட்டேன். படுத்திருப்பவருக்குக் குதிக்காது, டம்ளர் மட்டும் நன்றாக உருளும். டாக்டரம்மா இருந்தால் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார்.

போன வாரம் இடுப்பு வலி கண்ட ஒரு சின்னப் பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். அவள் அம்மா பலகையில் உட்கார்ந்து மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளைவில் டம்ளர் உருண்டு அவள் காலில் முட்டியது. சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வளைவில் வண்டிக்குள் சத்தமே இல்லை.

"வுடுங்கம்மா! அத கீழ போடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மா நடுங்கிப்போனாள்.

"ஏங்க, உருளுதுங்களே..."

"உருளட்டும். கீழ போடுங்க. பாப்பா, நீயும் வாய மூடாத. வலிச்சா கத்து. என்ன வேணா திட்டு. எதுனா சொல்லிக்கினே வா."

டம்ளர் பலகையில் விழுந்து கதவில் போய் முட்டியது. அந்தப் பெண் "அம்மா" என்று பெரிதாக முனகினாள். அடிவாரம் வருகிறவரைக்கும் அந்த இரண்டு சத்தத்தையும் ஒவ்வொரு வளைவிலும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இறங்கினேன்.